தொண்ணூற்று நான்கு டிகிரி

என் கணவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். நாள் முழுக்க இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேகமாகப் போகும் ஏக்கத்தையெல்லாம் வீட்டுக்கு வந்துதான் தீர்த்துக்கொள்வார். இந்த முறை மாட்டியது என் கம்ப்யூட்டர்.

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்குவது என் தொழில். கம்பெனி வேலையை உதறிவிட்டுத் தனியாகப் பிடித்த முதல் வேலை, ஒரு பல் டாக்டரின் புது கிளினிக். வாசலில் நுழைவதிலிருந்து நாற்காலியில் வாயைத் திறப்பதுவரை இரண்டு நிமிடப் படம். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். சொதப்பினால் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்கு அந்த டாக்டரிடமே மயக்க ஊசி இல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை எட்டுக்குப் படத்தை ஓடவிட்டேன். ஒவ்வொரு காட்சியாக வரைந்து தள்ளுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. ஏழு மணி நேரம் ஆகவேண்டியதற்கு அன்று ஆறரை என்று காட்டியது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன், மக்கு மாதிரி.

பத்து மணிக்குக் கார்டின் விசிறி மிக்ஸிபோல அலறியது. சூடு தொண்ணூற்று நான்கு டிகிரி. பதினொன்றரைக்குத் திரை இருண்டு, பெட்டி தானாகவே அணைந்துபோனது. அளவுக்கு மீறிக் கொதித்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது அப்படித்தான் செய்யும். என்னைக் காப்பாற்றத்தான் ஆளில்லை.

மழையால் வகுப்பு ரத்தாகி சோபாவில் கிடந்த கணவர் துள்ளி எழுந்தார். “நான் ஒண்ணும் பண்ணலையே!”

“நான் இன்னும் கேக்கவே இல்லையே.”

“இல்ல... கார்டு எப்பவும் அடக்கி வாசிக்குதுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க. நேத்து சாயங்காலம் வேகத்தைக் கொஞ்சம் ஏத்தி விட்டேன். உனக்கு அரை மணி மிச்சமாகுமேன்னு...”

“எவ்ளோ ஏத்துனீங்க?”

“திரையில வேகத்தை ஏத்தற அந்தக் கோடு எதுவரைக்கும் போகுதோ, அதுவரைக்கும்.”

அடுத்து நான் பேசியதை எழுத முடியாது. வேகம் ஏறினால் சூடு ஏறும், சூடு மிஞ்சினால் கார்டு போகும், கார்டு போனால் என் பிழைப்பே போகும் என்பது அதன் சுருக்கம். “தப்பு என்னோடதுதான்” என்று அவர் மூன்று தடவை சொன்னார். பாவமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கி மறுபடி ஓடவிட்டேன். முடிந்த காட்சிகள் பத்திரமாக இருந்தன. ஆனால் பத்தே நிமிஷத்தில் மறுபடியும் தொண்ணூறு!

அந்த நேரம் பார்த்து என் மாமியார் வந்து, மேஜைக்குப் பின்னால் குனிந்து எதையோ தடவிப் பார்த்தார். “இன்னைக்குத்தான் சீக்கிரமா காஞ்சிருக்கு” என்றார் திருப்தியாக.

எட்டிப் பார்த்தேன். சூடான காற்று வெளியேறும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டு, பெட்டியின் முதுகில் இரண்டு துண்டு, ஒரு பனியன், ஒரு தலையணை உறை.

“அத்தை! அது கரண்டு பொட்டி!”

“நல்லா பிழிஞ்சுட்டுத்தாம்மா போட்டேன். ஒரு வாரமா மழை. இவ்ளோ அனலும் சும்மா வீணாத்தானே போகுது?”

என் கணவரின் முகம் பிரகாசமானது. “அப்ப நான் இல்ல!”

“நீங்களும்தான். அவங்க மூக்கைப் பொத்தினாங்க, நீங்க ஓட விட்டீங்க.”

துணிகளை எடுத்ததும் சூடு மளமளவென்று இறங்கியது. ஆனால் மணி பன்னிரண்டே கால். கொதிப்பில் கார்டு காலை முழுக்கத் தவழ்ந்துதான் ஓடியிருக்கிறது. இன்னும் மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிஷம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். விரல்விட்டு எண்ணினாலும் நான்கு பத்து. பத்தே பத்து நிமிஷத்தில் என் வேலை கைவிட்டுப் போகப்போகிறது.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை எதிரே வைத்தேன். பிறகு, அந்தப் பாழாய்ப்போன கோட்டை நானே மெல்ல ஏற்ற ஆரம்பித்தேன்.

“என்ன பண்ற நீ?” என்று பதறினார் கணவர்.

“கொஞ்சம்தான்.”

“போதும்மா. மெதுவா! ஐயோ, மெதுவா!” அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டே இருந்தது.

மாமியார் ஸ்டூலைப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். “எண்பத்திரண்டு... எண்பத்தி மூணு... ஏம்மா, நாலு ஆயிருச்சு!” மூன்றரை மணி நேரம் அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மூன்று நாற்பத்தெட்டுக்குப் படம் முடிந்தது. ஐம்பத்தி நாலுக்கு அனுப்பினேன். உடனே டாக்டரின் பதில் வந்தது: ‘கிடைத்தது. திங்கட்கிழமை நேரம் இருந்தால் பார்க்கிறேன்.’

அம்மாவும் பிள்ளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

“என்ன சொல்றாரு?”

போனைக் கவிழ்த்து வைத்தேன். “சரியான நேரத்துக்கு வந்துச்சுன்னு ரொம்ப சந்தோஷப்படறாரு.”

கணவர் தொப்பென்று சோபாவில் விழுந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். “பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தா என்ன ஆகியிருக்கும், நினைச்சுப் பாரு!”

நினைத்துப் பார்த்தேன். அவரிடம் சொல்லத்தான் மனசு வரவில்லை.