கடைசிப் பக்கத்துக் குற்றவாளி

கர்க்கடக மாத மழை ஓட்டைப் பெயர்த்துவிடுவதுபோல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், முளங்கரை கிராம வாசகசாலையின் செயலாளர் பவித்ரன் ஒரு நாவலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் எல்லாப் புத்தகங்களையும் அவர் முகர்ந்து பார்ப்பார். மீன்குழம்பு வாசனை வந்தால் எச்சரிக்கை. தேங்காயெண்ணெய் என்றால் மன்னிப்பு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, காகிதம் என்ன நிலைமையில் இருக்கிறது என்பதில்தான் அவருக்கு ஈடுபாடு. கடைசியாக ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து ஒன்பது வருஷமாகிறது. இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பூசாரியைப் பார்த்து நீங்கள் சாமி கும்பிடுவதுண்டா என்று யார் கேட்பார்கள்?

நாவலில் வாசனை எதுவும் இல்லை. ஆனால் கதை முடிந்த பிறகு வரும் வெற்றுப் பக்கத்தில், பென்சிலில், பொடி எழுத்தில் இப்படி இருந்தது:

'கர்க்கடகம் ஒன்று. நல்ல கதை. ஆனால் நாயகி அறுபத்து நாலாம் பக்கத்திலேயே கிளம்பிப் போயிருக்கலாம். போகாமல் இன்னும் நாற்பது பக்கம் அழுகிறாள். அந்த நாற்பது பக்கத்தில் என் மழைக்கால மருந்துக்கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் ரெண்டு கிண்ணம் குடித்துவிட்டு, இந்த வருஷம் மருந்து நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்றார்.'

பவித்ரனுக்கு வந்த கோபத்தில், முந்தாநாள் காலை தான் குடித்த கஞ்சி நினைவுக்கு வரவில்லை.

அடுத்த பத்து நாளில் இன்னும் நான்கு புத்தகங்கள் அதே நோயோடு திரும்பின. அதைவிடப் பெரிய அநியாயம், ஊர் அதை ரசித்தது. ஓணத்துக்கு ஓணம் வாசகசாலைப் பக்கம் தலைகாட்டும் ஆட்டோக்காரன் சஜீவன் ஒருநாள் மழையில் நனைந்தபடி வந்து நின்றான்.

"சாரே, அந்தப் பென்சில் புக்கு ஒண்ணு குடுங்க."

"எந்தக் கதை வேணும்?"

"கதை எதுவா இருந்தா என்ன? கடைசிப் பக்கம் இருக்கணும்."

பவித்ரன் விசாரணையைத் தொடங்கினார். புத்தகங்களை வீடுவீடாகத் தூக்கிப்போய்ப் பெண்களுக்குக் கொடுத்து வாங்குகிறவள் ரெஜி. யார் எதை எடுத்தார்கள் என்ற விவரம் அவளுடைய தனிப் பதிவேட்டில் இருக்கும். கேட்டபோது, பதிவேடு மழையில் நனைந்துவிட்டது, அடுப்புமேல் காயப் போட்டிருக்கிறேன் என்றாள். மறுநாள் கேட்டார். ஒரு பக்கம் காய்ந்துவிட்டது, திருப்பிப் போட்டிருக்கிறேன் என்றாள். அப்பளம் பொரிப்பதுபோல் ஒரு வாரம் போயிற்று.

சரி, கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தார். எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. காரணம் எளிமையானது. மனைவி சௌதாமினி எழுதிக் கொடுக்கும் மளிகைச் சீட்டை இருபத்தாறு வருஷமாக அவர்தான் கடைக்குக் கொண்டுபோகிறார். மடித்துக் கொடுப்பாள், மடித்தபடியே நீட்டுவார். பிரித்துப் படிப்பது கடைக்காரர் ஔசேப்பின் வேலை.

அந்த ஔசேப்பு வாசகசாலையின் பொருளாளரும்கூட. செயற்குழு கூடிய ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் முழுக்க அவர் இருமிக்கொண்டே இருந்தார்.

"தீர்மானம்," என்று எழுந்தார் பவித்ரன். "பொதுச் சொத்தான புத்தகங்களில் கிறுக்கிய நபரின் பெயரை மாதக் கடைசிப் பொதுக்கூட்டத்தில் அறிவித்து, அவருடைய கார்டை ஒரு வருஷத்துக்கு ரத்து செய்வது. அது யாராக இருந்தாலும் சரி."

"யாரா இருந்தாலும்னு போடணுமா சாரே?" என்றார் ஔசேப்பு, இருமலுக்கு நடுவில்.

"அடிக்கோடும் போடணும்."

போட்டார். கையெழுத்தும் போட்டார், முத்திரையும் குத்தினார். தலைவர் ஏலியாம்மா டீச்சர் கையெழுத்திட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். எழுபது வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

"சாட்சிப் புஸ்தகம் ஒண்ணைப் படிச்சுடலாம், பவித்ரா. குற்றம் என்னன்னு கமிட்டிக்குத் தெரியணுமில்ல," என்று ஒரு துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, காலைப் பிரார்த்தனைக் குரலில் வாசித்தார்.

'கர்க்கடகம் ஒன்பது. கொலைகாரன் யாரென்று முப்பதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போலீசுக்குத்தான் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மூன்று நாளாகக் குடையைத் தேடுகிறார். கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்துவிட்டார். அது வாசகசாலையில் தொங்குகிறது. நான் சொல்லப்போவதில்லை. அவராகக் கண்டுபிடித்தால் ஒரு சந்தோஷம் இருக்கும்.'

பவித்ரன் மேஜையைத் தட்டினார். "மாட்டிக்கிட்டாங்க. அந்தப் பொம்பளையோட புருஷன் இங்க வர்றவன். குடையை இங்கேயே மறந்துட்டுப் போயிருக்கான், அந்த மடையன். இங்க யாரோட குடை கிடக்குதுன்னு பாருங்க, கேஸ் முடிஞ்சது."

கமிட்டி உறுப்பினர்கள் தத்தம் பாதங்களைப் பார்த்தார்கள்.

"உங்க பின்னால ஜன்னல் கம்பியில ஒண்ணு தொங்குது சாரே," என்றான் மழைக்கு வாசலில் ஒதுங்கி நின்ற சஜீவன், முடிந்தவரை மரியாதையாக.

பவித்ரன் திரும்பிப் பார்த்தார். "அட, இது என்னோடது. இத்தனை நாளா வீடு பூரா, கட்டிலுக்கு அடியிலகூடத் தேடி..."

ஔசேப்பின் இருமல் நின்றிருந்தது.

"முதல் புஸ்தகத்தைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும் சாரே," என்றார் ஔசேப்பு. "இருபத்தாறு வருஷமா அந்தக் கையெழுத்தைப் படிக்கிறேன். கொத்தமல்லின்னு எழுதுறப்ப வர்ற அந்தச் சுழிப்பு ஊர்ல வேற யாருக்கும் வராது."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"இருமினேனே."

ஏலியாம்மா டீச்சர் தீர்மானப் புத்தகத்தை மூடினார். "பொதுக்கூட்டத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. யோசிச்சுக்கோ, பவித்ரா."

யோசிக்க என்ன இருக்கிறது? அடிக்கோடு போட்டாயிற்று. பவித்ரன் சாட்சிப் புத்தகங்கள் ஐந்தையும் பையில் போட்டுக்கொண்டு, கிடைத்த குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சௌதாமினி முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நீ எழுதினதா?"

"குடை கிடைச்சுடுச்சா," என்றாள் அவள்.

"கேட்டதுக்குப் பதில்."

"பென்சில் என்னோடதுதான்."

"செயலாளர் வீட்டுல இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமா?"

"செயலாளர் எப்போ வீட்டுல இருந்தாரு?"

பவித்ரன் பையைக் கீழே வைத்தார். "இதையெல்லாம் என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். கஞ்சி அடிப்பிடிச்சதைச் சொன்னேன், அந்த நாயகியைப் பத்தியும் சொன்னேன். நீங்க 'உம்' போட்டீங்க. நம்ம பொண்ணு பிந்து ஷார்ஜாவுக்குப் போனதுலேருந்து இந்த வீட்டுல 'உம்' மட்டும்தான். பின்னால எழுதிவிட்டா, அது லீலா வீட்டுக்குப் போகுது, மேக்கே அந்தச் சாறாம்மா வீட்டுக்குப் போகுது. ரெஜி வந்து சொல்லுவா, சேச்சி, லீலா சேச்சி சிரிச்சு சிரிச்சுப் புரையேறிடுச்சுன்னு. அன்னிக்கு எனக்கு சோறு இறங்கும்." கையிலிருந்த கல்லொன்றை முற்றத்தில் எறிந்தாள். "கார்டை ரத்து பண்ணணும்னா பண்ணுங்க. தீர்மானம் போட்ட விஷயம் ரெஜி சொல்லிட்டா. அடிக்கோடாமே."

அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் பவித்ரனைக் கலக்கியது. சண்டை என்றால் ஒரு நடைமுறை உண்டு.

மறுநாள் வாசகசாலையில் தனியாக உட்கார்ந்து மிச்சக் குறிப்புகளையும் படித்தார். பயணநூல் ஒன்றின் பின்னால், 'இவர் பன்னிரண்டு நாடு போயிருக்கிறார், எங்கேயும் யாருடைய சமையலறைக்குள்ளும் போகவில்லை' என்றிருந்தது. ஐந்தாவது, ஒரு தடித்த குடும்ப நாவல். அதன் பின்னால் நாலே வரி:

'நூற்று நாற்பதாம் பக்கத்தில் அவள் புருஷன் செத்துப்போகிறான். புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து நூற்று நாற்பத்தொன்றைப் படித்தேன்.'

பவித்ரன் அதை இன்னொரு முறை படித்தார். பிறகு நூற்று நாற்பதாம் பக்கத்தைத் திறந்தார். யார் செத்தது, ஏன் செத்தது என்று புரியவில்லை. பதிவு அலுவலகப் புத்தி, மூலப் பத்திரம் பார்க்காமல் விடாது. முதல் பக்கத்துக்குப் போனார். அந்த நாவலை முடிக்க அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. நூற்று நாற்பதில் அவர் மூக்கைச் சிந்தியதை ரெஜி பார்த்தாள். கர்க்கடகத்தில் ஜலதோஷம் சகஜம் என்று விளக்கம் கொடுத்தார்.

பொதுக்கூட்டத்தன்று வரலாறு காணாத கூட்டம். வாசகசாலையில் உறுப்பினராக இல்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். சௌதாமினி மூன்றாம் வரிசையில், லீலாவுக்கும் சாறாம்மாவுக்கும் நடுவில், கஞ்சி போட்ட முண்டும் நேரியதும் உடுத்தி, தண்டனை வாங்க வந்தவளுக்குரிய நேர்த்தியோடு உட்கார்ந்திருந்தாள்.

பவித்ரன் எழுந்தார். "குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. கார்டு எண் இருநூற்றுப் பன்னிரண்டு. சௌதாமினி. என் மனைவி."

"அது எங்களுக்கு ஒண்ணாம் தேதியே தெரியுமே," என்றது பின்வரிசை.

"எனக்கு ரெண்டு வாரமாகத்தான் தெரியும். இந்த ரெண்டு வாரத்தில் நான் ஒரு நாவல் படித்தேன்." கூட்டத்தில் ஒரு சலசலப்பு. செயலாளர் புத்தகம் படித்த செய்திதான் அதுவரை வந்ததிலேயே பெரியது. "படித்ததில் எனக்கு ஒன்று தெரிந்தது. அந்தத் தீர்மானத்தை நான் கொண்டுவந்தபோது புத்தகத்தையும் படிக்கவில்லை, குறிப்பையும் ஒழுங்காகப் படிக்கவில்லை. அட்டையை மட்டும் பார்த்தேன். அதனால், என் தீர்மானத்தை நானே எதிர்க்கிறேன். அதை ரத்து செய்ய வேண்டும்."

"வழிமொழிகிறேன்," என்று சஜீவனும் ஔசேப்பும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

ஏலியாம்மா டீச்சர் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். "சம்பந்தப்பட்டவங்க ஏதாவது சொல்லணுமா?"

சௌதாமினி எழுந்தாள். "எழுதினது தப்புன்னா, தனித்தாள் ஒட்டிக் குடுங்க. அதுல எழுதறேன். ஆனா வீட்டுக்காரரைப் பத்தி எழுதக்கூடாதுன்னு மட்டும் விதி போடாதீங்க. எனக்கு வேற விஷயம் இல்லை."

லீலாவுக்குப் புரையேறியது. தீர்மானம் ரத்தானது. எல்லாப் புத்தகத்தின் பின்னாலும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டுவதென்றும், யார் வேண்டுமானாலும் எழுதலாம், பென்சில் மட்டும் என்றும் புதுத் தீர்மானம் நிறைவேறியது. பவித்ரன் அதில் அடிக்கோடு எதுவும் போடவில்லை.

திங்கட்கிழமை அவர் தன் பெயரிலேயே ஒரு புத்தகம் எடுத்தார். ஒன்பது வருஷத் தூசியைத் தட்டி ரெஜி அவருடைய கார்டைத் தேடியெடுக்க வேண்டியிருந்தது. கர்க்கடகம் போய்ச் சிங்க மாதம் பிறந்தது; எடுத்த பத்தாம் நாள் படித்து முடித்தார். பென்சிலைச் சீவினார். ஒட்டிய தாளில் எழுதினார். எழுதியதைச் சௌதாமினியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். 'படித்தேன். நன்று. பவித்ரன்.'

"இது என்ன, ரசீதா?" என்றாள்.

"வேற என்ன எழுதணும்?"

"படிக்கிறப்ப வீட்டுல என்ன நடந்துச்சு?"

பவித்ரன் யோசித்தார். கடந்த பத்து நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

சௌதாமினி புத்தகத்தை அவர் மடியில் திருப்பி வைத்தாள். "அடுக்களைக்கு வாங்க. தேங்காய் துருவிக்கிட்டே சொல்றேன். 'உம்' போடாமக் கேக்கணும்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார்.