பதினோராவது வரி

மூன்றாவது வாரமும் அப்படியேதான் வந்தது. ஆஸ்பத்திரி லேப் சுவரில் ஒட்டிய ஷிஃப்ட் அட்டவணையில் அவளுக்குக் காலை. அவள் கணவனுக்கு மாலை, குருவியோடு.

குருவி என்பது பட்டப்பெயர். கீச்சென்று பேசுவாள். இவளுக்கு அடுத்தபடியாக வேலையில் சேர்ந்தவள். இத்தனை வருடமாக அவளிடம் ஒரு குறையும் தெரிந்ததில்லை. இப்போதுதான் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகமோ என்று பட்டது.

அட்டவணை போடுவது லேப் சூப்பர்வைசரான கணவன். எக்செல்லில் அவனே எழுதிய மேக்ரோ. பொத்தானை அமுக்கினால் ஆட்களைக் குலுக்கிப் போட்டுவிடும். அந்தக் குலுக்கல்தான் இருவரையும் சேர்த்துவைத்தது. வேலைக்கு வந்த புதிதில் வாராவாரம் அவனோடே ஷிஃப்ட் விழ, கடவுளே முடிச்சுப் போடுகிறார் என்று நம்பி, அம்மா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்றவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகும் முடிச்சு அவிழவில்லை, ஆஸ்பத்திரி முழுக்க மென்பொருளைப் புதுப்பிக்கும் வரை.

"அப்டேட்டுக்கப்புறம் கோளாறு பண்ணுது" என்றான் வீட்டில்.

"கோளாறுன்னா எல்லாருக்கும்தானே மாறணும்? உங்க ஜோடி மட்டும் எப்படிங்க மாறும்?"

அவன் குனிந்து சட்டைப் பொத்தானைத் தேடினான். எல்லாப் பொத்தானும் போட்டுத்தான் இருந்தது.

"நான் வேணா ஒரு தடவை பாக்கட்டுமா?"

"வேணாம்! உனக்குப் புரியாது."

அந்த 'வேணாம்' முள்ளாகத் தைத்தது. நாத்தனாருக்கு போன் போட்டாள்.

"எங்கண்ணனா? உங்ககிட்ட வாயத் திறக்கவே அவனுக்கு ஒரு வருஷம் ஆச்சு அண்ணி. இன்னொருத்திக்கு அவனுக்குத் தெம்பேது!"

கூடப் பிறந்தவள் வேறெப்படிச் சொல்வாள் என்று தோன்றியது.

அன்று ஷிஃப்ட் முடிந்தும் அவள் கிளம்பவில்லை. அவன் அறைக் கதவைத் தள்ளினாள். அவன் சட்டென்று திரையை மூடினான்.

"திறங்க."

"ஒண்ணுமில்லம்மா..."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு மூடணும்?"

திரை நிறைய மேக்ரோவின் வரிகள். முக்கால்வாசி அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஓரிடத்தில் அவன் பெயர் இருந்தது. பட்டியலில் பதினோராவது வரியில் யார் இருக்கிறாரோ அவருக்கும் அதே ஷிஃப்ட் என்று கட்டளை.

"பதினோராவது வரியில யாரு? குருவியா?"

"இப்ப குருவி" என்றான். "அப்ப... நீ."

பட்டியல் ஆஸ்பத்திரி மென்பொருளிலிருந்து, வேலையில் சேர்ந்த வரிசைப்படி வரும். பழைய மென்பொருள் அதன் தலையில் ஆஸ்பத்திரி பெயரை ஒரு வரியாக வைக்கும். புதியது வைப்பதில்லை, எல்லோரும் ஒரு படி மேலே ஏறிவிட்டார்கள். அவள் பத்தாகிவிட்டாள். விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"ரத்த ட்யூப் இருக்கிற இடத்தைப் பாக்காதே, ஒட்டின பேரைப் பாருன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆளு நீங்க. பேரைப் போட என்னவாம்?"

"மேனேஜர் பாத்தா மானம் போயிடும்னு..."

"அதான் கோளாறுன்னு தெரிஞ்சுதே, உடனே ஏன் மாத்தல?"

"காரணம் இன்னிக்குத்தான் பிடிபட்டுது. உங்கிட்ட காட்டினா எல்லாம் தெரிஞ்சிடுமே. கடவுள் போட்ட முடிச்சுன்னு நீ உங்கம்மாகிட்ட சண்டை போட்டே. அது நான் போட்டதுன்னு எப்படிச் சொல்ல?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குருவி விஷயம் நீர்க்குமிழி போல் உடைந்துபோயிற்று. அந்த இடத்தில் வேறொரு சந்தேகம் முளைத்தது.

"அப்ப மழையில, 'பஸ் வரல, சேர்ந்து நடக்கலாமா'ன்னு கேட்டீங்களே... பஸ் வந்துதா?"

அவன் காது சிவந்தது.

"அந்த வரியை அழிங்க."

"உன் நம்பரா மாத்திடறேனே..."

"நம்பரும் வேணாம், பேரும் வேணாம். அழிங்க. நிஜமாவே ஏதாவது முடிச்சு இருக்கான்னு நான் பாக்கணும்."

அழித்தான். பொத்தானை அவளே அமுக்கினாள். அவளுக்குக் காலை, அவனுக்கு மாலை. குருவிக்கும் காலை. எந்தக் கடவுளும் குறுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் நடந்தாள். மதியம் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும்போது வெளியே அவன் நின்றிருந்தான். அவன் ஷிஃப்டுக்கு இன்னும் நேரமிருந்தது.

"பஸ் வரல" என்றான். "வீடு வரைக்கும் நடக்கலாமா?"

அவன் முதுகுக்குப் பின்னால் அவள் ஏறவேண்டிய பஸ் கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார்.

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையை அவன் கையில் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினாள்.