அலமாரிக் கதவின் உட்பக்கம்

...இல்லை, உப்பு மேல்தட்டில்தான், இடது பக்கம், இல்லை வலது, என்று ஒருத்தி தனக்குள் சொல்லிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன், கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் குரல் முன்போல எழும்பவில்லை. ஒரு பிற்பகல் கதைதான், மூன்றரை மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடிந்துவிடும், ஆனால் அந்த நேரத்துக்குள் அவள் பட்ட பயத்தை ஒரு துளி சிந்தாமல் உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன், இது என் வாக்கு.

எழுபத்தாறு வயது அவளுக்கு, தனியாக இருக்கிறாள், மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. சமையலறையில் நின்றிருந்தாள், வலது கை நைட்டியின் பைக்குள் இருந்தது, பைக்குள் சீட்டுகள், காலையில் அலமாரிக் கதவுகளிலிருந்து அவளே உரித்தவை, ஒட்டுநாடாவின் ஓரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உருண்டையாகிக் கிடந்தன... உரித்திருக்கக் கூடாதோ? உரிக்காமல் எப்படி, நாலு மணிக்குச் சாமான் கட்டும் கம்பெனியிலிருந்து அந்தப் பெண் வருகிறாள், வந்தால் எல்லா அலமாரியையும் திறப்பாளாம், படம் எடுப்பாளாம், படத்தை மகனுக்கு அனுப்புவாளாம். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் புட்டிகளுக்குச் சீட்டு எழுதிய கை அவளுடையது, கட்டம் கட்டமாக, அச்சடித்தது போல. அதே எழுத்தில்தான் போன வருஷத்திலிருந்து தன் வீட்டுக்கும் எழுதிக்கொண்டிருந்தாள், கதவுகளின் உட்பக்கம் மட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் மகன் எதையும் திறக்க மாட்டான். 'அடுப்புக் குமிழ் நேராக நிற்க வேண்டும்.' 'வெள்ளை மாத்திரை காலை, மஞ்சள் இரவு, மாற்றாதே.' 'இது உப்பு. ருசி பார்க்காதே, நம்பு.' இதை எழுதியபோது சிரிப்பு வந்தது, ஞாபகம் இருக்கிறது, பார்த்தாயா, அது ஞாபகம் இருக்கிறது, எழுதிய சிரிப்பு இருக்கிறது, உப்பு எங்கே என்பதுதான் இல்லை.

வீடு மாறுவது அவளுக்குச் சம்மதம்தான், மாடிப்படி முழங்காலைத் தின்கிறது. மகன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் இரண்டு அறை பார்த்தாகிவிட்டது, ஜன்னலைத் திறந்தால் ஒரு மரம், வருகிற வியாழக்கிழமை போக வேண்டும். சாமான் கட்டுகிறவர்களை மட்டும் நீயே தேர்ந்தெடும்மா, உன் சாமான், உன் இஷ்டம், என்று சொல்லி இரண்டு நம்பர்களைத் தாளில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான், கோழி கிளறின மாதிரி எழுத்து, இந்தக் கையெழுத்தை மருந்துப் புட்டியில் ஒட்டினால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று அவன் பத்து வயசில் அவள் சொன்னது, இன்றும் அப்படியே எழுதுகிறான். இரண்டாவது நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு டிக் இருந்தது. அவன் போட்டதாக இருக்கும். அவனுக்கு இவர்களைப் பிடித்திருக்கிறது போல.

முதல் நம்பர்காரன் நேற்று வந்தான், தொப்பியைக் கழற்றவே இல்லை, வாசலில் நின்றபடியே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தான், கால் மணிநேரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது அவனுக்கு. "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, நாற்காலில உக்காருங்க, நாற்காலியோட தூக்கி அந்த வீட்ல வெச்சிடுவோம்." அவள் சிரித்தாள். "நான் இறங்கணும்னு சொன்னா?" "அதுக்குத் தனியா ஆள் போடணும்மா." நல்ல பேச்சு. போகும்போதுதான் அதைச் சொன்னான், இன்னொரு கம்பெனியும் பாக்கறீங்கன்னு பையன் சொன்னாரு, அந்தம்மா ஒவ்வொரு அலமாரியா திறந்து படம் புடிச்சுப் பசங்களுக்கு அனுப்பும், அப்புறம்தான் வேலை, நாங்க அப்படி நோண்ட மாட்டோம், கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுவோம். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவான், சரி, அங்கே போய் யார் கண்ணைத் திறப்பது? சமையலறை ஒன்று, சமையலறை இரண்டு என்று பெட்டிகள் வந்து இறங்கும், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எதில் எது, யார் சொல்வார்கள் அவளுக்கு... அந்தப் பெண் கட்டினால் இங்கே இருந்தது போலவே அங்கேயும் அடுக்குவாளாம், தட்டுக்குத் தட்டு, அதற்குத்தான் படமாம். அவளுக்குத் தேவை அந்தப் படம். அவளைத் தொலைக்கப் போவதும் அந்தப் படம்.

தொலைப்பது என்றால் சும்மா வார்த்தைக்குச் சொல்லவில்லை, கண்ணுகளா. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பாத்திரம் அடுப்பில் கருகிப் புகை படிக்கட்டு வரை போய்விட்டது, கீழ்வீட்டுக்காரர் மகனுக்குப் போன் செய்துவிட்டார். மகன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை, பாத்திரத்தை வெகுநேரம் தேய்த்தான், முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான், "இன்னொரு தடவை இப்படின்னா அந்த வீடு வேண்டாம்மா. முதியோர் இல்லம்தான்." இல்லத்தை அவளுக்குத் தெரியும், கிடங்கில் கூட வேலை பார்த்தவள் அங்கேதான் இருக்கிறாள், சுத்தமான இடம், ஜன்னலில் பூந்தொட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி, சாவி மட்டும் நர்சிடம். நாற்பதாயிரம் புட்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தவள் தன் சீப்பை எடுக்க மணியடித்துக் காத்திருந்தாள். அவளிடம் ஏன் கேட்டோம், இங்கே நல்லா இருக்கா என்று, அவள் உன் பையில் கத்தரிக்கோல் இருக்கா என்று கேட்டாள்... எதற்குக் கேட்டாள்?

மணி என்ன? மூன்று ஐம்பது. காலை மாத்திரை போட்டாயா? டப்பாவைத் திறந்து பார்த்தாள், வெள்ளை இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, இரண்டும் அவளைப் பார்க்கின்றன. சீட்டு பையில் இருக்கிறது, எடுத்துப் படிக்கலாம், ஆனால் உருண்டையைப் பிரித்தால் கிழிந்துவிடும். ஒரு கதவில் பசைத் தடம் தெரிகிறதே, துணியை நனைத்துத் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க அந்த இடம் மட்டும் வெளுத்து இன்னும் தெரிந்தது, பேசாமல் கதவைத் திறக்காமலே இருந்துவிட்டால்? தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம், தொப்பிக்காரனே போதும் என்று சொல்லிவிடலாம், அடுப்பு, அடுப்பை அணைத்தாயா, குமிழ் நேராக... நேராகத்தான் இருக்கிறது. வாசல் மணி அடித்தது.

வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும், ஒட்டுநாடாச் சுருளை வளையல் போல மணிக்கட்டில் மாட்டியிருந்தாள், டேப்புக்காரி என்று மனசு உடனே பேர் வைத்துவிட்டது. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "முழங்கால் எப்படிம்மா இருக்கு, தைலம் தேய்ச்சீங்களா?" என்றாள். யாரிடமும் இப்படித்தான் பேசுவாள் போல, தொழில் அப்படி, பேச்சு இனிக்கவேண்டும். ஆனால் அவள் வழி கேட்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள், விளக்கு சுவிட்சு கதவுக்குப் பின்னால் இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் தடவுவார்கள், அவள் தடவவில்லை.

மேல் அலமாரியைத் திறந்தாள். கதவின் உட்பக்கத்தைப் பார்த்தாள். "சீட்டெல்லாம் எங்கம்மா? உரிச்சிட்டீங்களா?"

"எதை?"

டேப்புக்காரி திரும்பிப் பார்த்தாள், பிறகு போனை எடுத்தாள், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு அவளை உட்காரவைத்துக் காட்டினாள். இதே கதவுகள். ஒவ்வொன்றின் உட்பக்கமும் சீட்டு, கட்டம் கட்டமான எழுத்து, பதினாறு படம். ஒரு படத்தின் ஓரத்தில் அவளே நிற்கிறாள், இதே நைட்டி, சிரித்துக்கொண்டு.

"போன வாரம் எடுத்ததும்மா. பசங்களுக்கு அனுப்பறதுதான் எங்க வழக்கம். நீங்கதான் கையப் புடிச்சுக்கிட்டீங்க, அனுப்பாதம்மா, ஞாயித்துக்கிழமை நானே அவன்கிட்ட சொல்றேன்னீங்க. அதான் வெச்சிருக்கேன்." போனைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டீங்களா?"

சொன்னேனா? ஞாயிற்றுக்கிழமை... மகன் வந்தான், குழல்விளக்கை மாற்றினான், ஏணியில் நின்றபடி ஏதோ சொன்னான், நான் ஏதோ சொன்னேன், இருவரும் சிரித்தோம், அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு இன்று. சிவப்பு டிக், கடவுளே, அது கிடங்கில் சரக்கு சரிபார்த்தால் போடும் டிக், என் டிக். நான் இவளைப் பார்த்திருக்கிறேன், இவள் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன், என்னைக் கேட்காமல் நான் முடிவு செய்துவிட்டேன். பைக்குள்ளிருந்து உருண்டையை எடுத்து நீட்டினாள், வேறு என்ன செய்வது.

"பரவால்ல, பிரிச்சிடலாம்," என்றாள் டேப்புக்காரி, "இதைவிட மோசமான முடிச்செல்லாம் எங்க வேலைல உண்டு. ஒருத்தர் முந்நூறு குடையை ஒரே கயித்துல முடிஞ்சு வெச்சிருந்தாரு." குழாயடியில் விரலை நனைத்து, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகப் பிரித்தாள், படத்தைப் பார்த்து அந்தந்தக் கதவில் புது நாடா போட்டு ஒட்டினாள், உப்பு இடது பக்கம், இடது பக்கம்தானா, மாத்திரை ஜன்னலோரம். காலையில் விட்டுப்போன வெள்ளையை எடுத்துக் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தாள். வீடு மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தது. "வியாழக்கிழமை நீயே வாம்மா," என்றாள் இவள், "தொப்பிக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்." "அதையும் ஒரு சீட்டுல எழுதி வெச்சிடுங்க," என்றாள் அவள், இருவரும் சிரித்தார்கள், பயம் ஒரு நிமிஷம் எழுந்து வெளியே போய் நின்றது.

பதினாறு கதவும் முடிந்தபின் ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. டேப்புக்காரி படங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள், எதிலும் அது இல்லை. 'வெளியே போகுமுன் அடுப்பை இரண்டு தடவை பார்.' எழுத்து கட்டமாக இல்லை, சரிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கோழி கிளறின மாதிரி... அவனா? ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தன் பங்குக்கு ஒன்று எழுதி ஒட்டிவிட்டுப் போனானா? அப்படியானால் எல்லாம் தெரிந்தும்தான் அந்தத் தரைத்தள வீடா... இல்லை, தெரிந்துவிட்டதால் அந்த இல்லமா... காலையில் போனில் அடுப்பு அணைச்சியாம்மா என்று கேட்டானே, அந்தக் குரல் எப்படி இருந்தது, எப்படி இருந்தது? அல்லது, ஐயோ, இது என் கைதானா? என் கை நடுங்கினால் இப்படித்தான் எழுதுமா?

"இதை எங்க ஒட்டட்டும்மா?" என்று டேப்புக்காரி கேட்டாள். அவள் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் வைத்தது வைத்த இடத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எடுத்துக் கொடுக்கிற கை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கை யாருடையது என்று உங்களுக்குக் கடைசி வரை தெரியட்டும்.