பாலத்திலிருந்து பன்னிரண்டு தப்படி

டப்பாவைக் காணவில்லை என்று முதலில் எழுதியவர் பெங்களூர்க்காரர் ஒருவர். ஆடி மாதம் எழுதினார். பரணிதரன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேடத் தெரியாதவனுக்கு மூக்கு மேல் இருக்கும் கண்ணாடியும்தான் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தான். அடுத்த வாரம் திருச்சியிலிருந்து ஒரு பெண் அதையே எழுதினாள். அதற்குப் பிறகு, புதுச்சேரிக்கு வந்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரர். மூன்று பேருக்குமே கண் சரியில்லை என்று சொல்லிவிட முடியாது.

விளையாட்டு இதுதான். ஒரு சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு வந்து தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதி, இருந்தபடியே வைத்துவிட்டுப் போவார்கள். ஜியோகேச் என்று பெயர். பரிசு கிடையாது, பாராட்டு கிடையாது. முப்பத்தாறு வயது ஆளுக்கு இது எதற்கு என்று மனைவி கவிப்ரியா கேட்டதுண்டு. தஞ்சாவூரில் வீட்டு அறைக்குள் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறவனுக்கு, வெளியே போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பக்கத்தில் எதுவும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. புளியமரத்துப் பொந்தில் வைத்தான். நாலுவழிச் சாலைக்காக மரத்தை வெட்டிவிட்டார்கள். மைல்கல்லுக்குப் பின்னால் வைத்தான், கல்லையே காணோம். பஸ் ஸ்டாப் நிழற்குடையில் வைத்தது, புது நிழற்குடை கட்டும்போது போயிற்று. மூன்று டப்பாவைப் பறிகொடுத்த பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்துக்கொண்டான். யாரும் தொடக்கூடாத, தொட்டால் போலீஸ் கேஸாகிவிடுகிற ஒரு பொருள் ஊருக்கு ஊர் இருக்கிறது. வயல் எல்லையில் நட்டிருக்கும் சர்வே கல்.

மாமனார் துரைராசுவின் வயல் வெண்ணாற்றுப் பக்கம் சாலையோரத்தில் இருந்தது. அதற்கும் பக்கத்து நிலக்காரி சாவித்திரியம்மாளின் வயலுக்கும் நடுவே சாலை முனையில் ஒரு கல். சற்றே சாய்ந்து, அடியில் ஒரு கை போகிற அளவுக்குப் பள்ளம் விழுந்த பழைய கருங்கல். பச்சை பெயின்ட் அடித்த ஊறுகாய் டப்பாவில் ஒரு நோட்டையும் பென்சிலையும் போட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, அந்தப் பள்ளத்தில் செருகினான். இணையத்தில் குறிப்பும் கொடுத்தான்: பாலத்திலிருந்து பன்னிரண்டு தப்படி, கல்லுக்கு அடியில். நாலு வருஷத்தில் நாற்பது பேருக்கு மேல் வந்து போய்விட்டார்கள். பெரும்பாலும் எல்லோருமே கல்லோடு நின்று படமெடுத்துப் போட்டிருந்தார்கள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனான். கல் இருந்தது. நிமிர்ந்து, கன ஜோராக நின்றது. அதுதான் முதலில் உறுத்தியது. சாய்ந்த கல் தானாக நிமிருமா? அடியில் பள்ளம் இல்லை. போன் அவனைக் கொண்டுபோய் விட்ட இடத்திலோ கல்லும் இல்லை, வரப்பும் இல்லை. மாமனாரின் உழவு மண்தான் இருந்தது. போன் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும் என்று, பாலத்துக்குப் போய்க் காலால் அளந்துகொண்டு வந்தான். பன்னிரண்டு தப்படியில் வெறும் மண். கல்லைத் தொட்டபோது பத்தொன்பது.

திரும்ப ஒருமுறை அளந்தான். பத்தொன்பதுதான். புது வரப்பு கோடு போட்டது மாதிரி கல்லிலிருந்து வாய்க்கால் வரை நேராக ஓடியது. மாமனாரிடம் பெட்ரோல் பங்க்குக்கு இடம் கேட்டு வந்தவர்கள், சாலை முகப்பு கொஞ்சம் பற்றவில்லை என்று சொல்லிவிட்டுப் போனதும், சித்திரையில் மறுபடி வந்து பார்த்து இடம் சரி என்று சொன்னதும் அவன் நினைவுக்கு வந்தன. நிமிர்ந்து பார்த்தபோது பாலத்தின் கட்டைச் சுவரில் துரைராசு குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாரோ தெரியாது.

அவர் குடையோடு இறங்கி வந்தார். வெயிலில் நிற்க வேண்டாம், வீட்டுக்கு வரவேண்டும் என்று கூப்பிட்டு, தன் குடையை மருமகனுக்குப் பிடித்துக்கொண்டே நடந்தார். வீட்டில் வாழை இலை போட்டு விரால் மீன் குழம்பு. மாப்பிள்ளைக்கு நடு மீன். மாமியார் பிரகதாம்பாள் பரிமாறினாள். எப்போதும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுகிற பரணி பாதியிலேயே இலையை மூடினான்.

கை கழுவி வந்ததும் துரைராசு பீரோவைத் திறந்தார். பட்டாவும் பத்திரங்களும் அடுக்கியிருந்த தட்டிலிருந்து பச்சை டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தார். துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"உங்களோடதுதானே மாப்ள? சித்திரையிலேயே கெடச்சுது. உள்ள உங்க பேரு இருந்துச்சு. சரி, கேக்கும்போது குடுப்போம்னு வச்சிருந்தேன்."

சித்திரை. பரணி மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். நாலு மாதம். அதற்குள் எத்தனை தடவை இந்த வீட்டில் சாப்பிட்டிருப்பான், எத்தனை தடவை இந்த மனிதர் அவனை வாசல் வரை வந்து வழியனுப்பியிருப்பார்.

"நாலு வருஷமா நீங்க அந்தக் கல்லுக்கிட்ட குனிஞ்சு நோண்டுனத ஊரே பாத்திருக்கு" என்றார் துரைராசு, நிஜமாகவே அக்கறையாக. "வெள்ளக்காரனெல்லாம் வந்து நோண்டியிருக்கான். நாளைக்கு யாராச்சும் கல்லு நகந்துருக்குன்னு சொன்னா, மொதல்ல யாரு பேரு வரும்? அதான் எனக்குக் கவலை."

டப்பாவை அவன் கையில் கொடுக்கவில்லை. மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அன்று மாலையே கவிப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கோபப்படுவாள், அப்பாவைக் கேட்கிறேன் என்று கிளம்புவாள் என்று எதிர்பார்த்தான். அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். அப்பா அப்போது எப்படிப் பேசினார் என்று மட்டும் விசாரித்தாள். மரியாதையாகத்தான் பேசினார் என்றான்.

"அவரு சத்தம் போட்டா பயமே இல்லங்க" என்றாள். "மரியாதையா பேசினாத்தான். அமிர்தலிங்கம் மாமாகிட்டயும் அப்படித்தான் பேசினாரு. டப்பாவ மறந்துடுங்க."

அமிர்தலிங்கம் என்பவர் அவர்கள் வயலுக்குக் கீழ்மடையில் குத்தகைக்குப் பயிர் செய்தவர். தண்ணீரை மறிக்கிறார் என்று துரைராசு மேல் ஒருமுறை மனுக் கொடுத்தார். துரைராசு அவரை வீட்டுக்கு அழைத்து, உட்காரவைத்து, காப்பி கொடுத்து அனுப்பினார். அந்த மாதமே அவருடைய மோட்டார் வெண்ணாற்றில் கிடந்தது. அடுத்த மாதம் வைக்கோல் போர் எரிந்தது. யார் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதில் ஊரே ஒற்றுமையாக இருந்தது. அமிர்தலிங்கம் இப்போது திருப்பூரில் ஏதோ கம்பெனியில் வாட்ச்மேன்.

அதன் பிறகு பரணிக்குள் பயம் நிரந்தரமாகக் குடித்தனம் வந்துவிட்டது. போன் அடித்தால் திக்கென்றது. வாசலில் பைக் நின்றால் எட்டிப் பார்த்தான். ஒரு தடவை, எல்லாப் படங்களோடும் தாசில்தாருக்கு எழுதிப் போட்டுவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். கல்லோடு நாற்பது பேர் நிற்கிறார்கள், பின்னால் பாலம் தெரிகிறது, தேதி இருக்கிறது. இதைவிடச் சாட்சி வேண்டுமா? இரண்டு வரி எழுதினான். நோண்டினவன் யார் என்று கேட்டால்? மாமனாரே கையைக் காட்டினால்? எழுதியதை அழித்துவிட்டு எழுந்தான். தான் ஒரு கோழை என்று அவனுக்கு அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததால் தைரியம் வந்துவிடவில்லை.

புரட்டாசிக் கடைசியில் சம்பா நடவு. நடவு பார்க்க வரவேண்டும் என்று துரைராசு ஆள் விட்டு அழைத்தார். இதற்கு முன்பு எந்த வருஷமும் அழைத்ததில்லை. பரணி போனான். போகாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

சாவித்திரியம்மாள் தன் வயல் நடவை முடித்துவிட்டுச் சேற்றுக் காலோடு வரப்பில் வந்தாள். அறுபது வயதிருக்கும். கணவர் இல்லை; ஒரே மகள் சீர்காழியில். மகளின் பிரசவத்துக்காக இந்தச் சித்திரையும் வைகாசியும் அங்கேயே இருந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது கோடை உழவில் வரப்பெல்லாம் கரைந்து, டிராக்டர் புதிதாக மண் அணைத்து வரப்பு போட்டிருந்தது. புது வரப்புக்கு அடையாளம் ஏது? அவள் அதைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்குச் சொன்னது நாற்று.

அந்த வயலுக்கு முப்பது கட்டு நாற்று. அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து முப்பதுதான். ஒரு வருஷம்கூட ஒரு கட்டு கூடியதில்லை, குறைந்ததில்லை. இந்த வருஷம் நட்டு முடித்துப் பார்த்தால் மூன்று கட்டு வரப்பில் மிச்சம் கிடந்தது. நெருக்கி நடவில்லையோ என்று ஆட்களைக் கேட்டாள். அதே ஆட்கள், அதே கை. விரலால் இடைவெளியை அளந்தும் பார்த்துவிட்டாள். மூன்று கட்டு நாற்றுக்கான மண் எங்கே போயிற்று என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றாள்.

பாலத்துச் சுவரில் துரைராசு உட்கார்ந்திருந்தார். பேச்சு அங்கே கேட்காது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவித்திரியம்மாள் இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே மடித்த காகிதம். நிலத்தை அளக்கச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு எழுதிய மனு.

"உங்க மாமாமேல சந்தேகப்பட்டு எழுதல தம்பி. பக்கத்து நிலக்காரரு, நாளைக்கு முகத்துல முழிக்கணும்ல? அதான் உங்ககிட்ட கேக்கறேன். நீங்கதான் போன வச்சு அந்தக் கல்லையே சுத்திச் சுத்தி வருவீங்க. கல்லு அதே எடத்துலதான் இருக்கா? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், இதக் கிழிச்சுப் போட்டுடுறேன்."

பரணி பாலத்தைப் பார்த்தான். துரைராசு குடையைக் கொஞ்சம் உயர்த்தினார். மாப்பிள்ளைக்கு வெயில் படுகிறதே என்று கவலைப்படுகிறவர் மாதிரி இருந்தது. பன்னிரண்டு என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது.

"அதே எடத்துலதான் இருக்கும்மா" என்றான்.

அவள் உடனே நம்பினாள். அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. இன்னொரு தரம் கேட்டிருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு அவன் தனக்கே பலமுறை சொல்லிக்கொண்டான். அவள் கேட்கவில்லை. அப்போ என் கண்ணுதான் பிசகிப்போச்சு, வயசாகுதுல்ல, என்றாள். மனுவை நாலாகக் கிழித்தாள். துண்டுகளை வயல் தண்ணீரில் போடாமல், அதே உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் துரைராசு பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்தார். இந்தத் தடவை கையிலேயே கொடுத்தார்.

"கல்லுக்கடியில திரும்ப வச்சிருங்க மாப்ள. பள்ளம் நானே பறிச்சு வச்சிருக்கேன். இப்ப இருக்கிற எடத்த உங்க கம்ப்யூட்டர்ல போட்டுடுங்க. பழைய படமெல்லாம் எதுக்கு? புதுசா வர்றவங்க எடுத்துப் போடட்டும்."

மருமகன் செய்வது வெறும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இப்போதுதான் அதன் அருமை புரிந்ததாம். மேற்கே புது வாய்க்கால் பக்கமும் ஒரு கல் இருக்கிறது, தை அறுவடை முடியட்டும், அதற்கும் ஒரு டப்பா தயார் செய்து வைக்கச் சொன்னார். பரணி சரி மாமா என்றான். அந்தச் சரி தன் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்ததைக் கேட்டு அவனே திடுக்கிட்டான்.

வீட்டுக்கு வந்து பழைய படங்களை ஒவ்வொன்றாக நீக்கினான். கல்லோடு சிரித்துக்கொண்டு நின்ற நாற்பது பேரும் போனார்கள். இடத்தைத் திருத்தினான். குறிப்பில் பன்னிரண்டை அழித்துப் பத்தொன்பது என்று போட்டான். திருத்தம் உறுதியா என்று தளம் கேட்டது. கவிப்ரியா பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். உறுதி என்று அழுத்தினான்.

மூன்றாவது வாரம் முதல் பதிவு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு ஜோடி. டப்பா கிடைத்துவிட்டது, குறிப்பு மிகச் சரியாக இருந்தது, நன்றி என்று எழுதி ஒரு படமும் போட்டிருந்தார்கள். வேர்பிடித்துப் பச்சை கட்டிய நடவுக்கு முன்னால் அந்த இருவரும் நின்றார்கள். நடுவில், கல்லின் தலைமேல் கை வைத்தபடி, களைக்கொட்டோடு சாவித்திரியம்மாள் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் பரணி ஒரே ஒரு தரம்தான் படித்தான். இதுதானா கல் என்று சந்தேகமாக இருந்தது, வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த இந்த அம்மாதான் வந்து காட்டினார். அந்தத் தம்பியே பார்த்துச் சொல்லியிருக்கு, கல்லு என்னைக்கும் இதே இடந்தான் என்றார்.