ஆம்பளச் செருப்பு

பொத்தேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த மூன்றாவது மாடி வீட்டில் ரோகிணி தனியாக இருக்கிறாள் என்பது தென்காசிக்குத் தெரியாது. தெரிந்தால் போச்சு. அவள் அப்பா மறு ரயிலைப் பிடித்து வந்து, பெட்டியைக் கட்டச் சொல்லிக் கையோடு அழைத்துப் போய்விடுவார். கூட இருந்த ஹரிப்ரியா பெங்களூரில் வேலை கிடைத்துப் போனதைப் பற்றி ரோகிணி வீட்டில் மூச்சு விடவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போதெல்லாம், "ஹரிப்ரியாவா? இப்பத்தான் குளிக்கப் போனா" என்று கூசாமல் அளந்துவிடுவாள். மறைமலைநகரில், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், கணக்குப் பிரிவில் வேலை. சாப்பிடாமல் கிடந்து, அழுது, சண்டை போட்டு அப்பாவிடம் அனுமதி வாங்கிய வேலை. அதை எதற்காகவும் விடுவதாக இல்லை.

எதிர்வீட்டு ஃபக்ருன்னிசாதான் யோசனை சொன்னாள். அவளும் அவள் வீட்டுக்காரர் சௌகத் அலியும் அந்த வருடம்தான் செங்கல்பட்டிலிருந்து அங்கே குடிவந்திருந்தார்கள்.

"தா பாரும்மா, தனியா கீறேன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. ஆம்பளச் செருப்பு ஒரு ஜோடி வாசல்ல போட்டு வை. பாக்கறவன் உள்ள ஆள் கீதுன்னு நெனச்சிக்குவான்."

"கதவத் தட்டிக் கேட்டா இன்னாக்கா செய்யறது?" தென்காசிக்காரிக்கும் அந்த ஊர் 'இன்னா' எப்போதோ நாக்கில் ஒட்டிவிட்டிருந்தது.

"இருக்காரு, தூங்கறாருன்னு சொல்லு. தூங்கறவன எழுப்புன்னு எவனும் சொல்ல மாட்டான்."

இதற்கென்று போய்க் கடையில் செருப்பு வாங்குவதா என்று ரோகிணி யோசித்துக்கொண்டிருந்தபோது, சமையலறைப் பரணில் ஒரு ஜோடி அகப்பட்டது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது போலும். பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மூலையோரம் தள்ளி வைத்திருந்தார்கள். பழுப்புத் தோல் செருப்பு. வலது செருப்பில் கட்டைவிரல் வார் தையல் விட்டிருந்தது. தட்டினால் பொடி மணல் உதிர்ந்தது. குப்பையில் போட வேண்டியதை யாராவது இப்படிப் பத்திரமாகக் கட்டி வைப்பார்களா என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஓசியில் கிடைத்த சந்தோஷத்தில், யாரோ இப்போதுதான் வந்து கழற்றிவிட்டு உள்ளே போனது போல, குதிகால் படிக்கட்டுப் பக்கமும் முனை கதவுப் பக்கமுமாகப் போட்டு வைத்தாள்.

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி மாடியேறி வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். செருப்புகள் திரும்பியிருந்தன. முனை படிக்கட்டைப் பார்த்து, இரண்டும் ஒட்டினாற்போல, யாரோ வெளியே கிளம்பக் காலை நுழைக்க வசதியாக வைத்திருந்தது.

பெருக்குகிறவள் நகர்த்தியிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு திருப்பி வைத்தாள். இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை. அடுத்த வாரம் செருப்பில் ஒட்டியிருந்த மணலைக் காணவில்லை, துடைத்து எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. அதற்கடுத்த வாரம் பார்த்தால், விட்டுப்போன வார் நெருக்கித் தைத்திருந்தது. பேய் வேலையோ என்று ரோகிணிக்குத் தோன்றியது. பேய்க்கு ஊசி நூல் எதற்கு?

ஃபக்ருன்னிசாவைக் கேட்டாள். "நான் எதுக்கும்மா தொடப் போறேன்?" என்றவள், அச்சுப் போட்டாற்போல் இருந்த அந்தத் தையலைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஏதோ ஓதி வாசலில் ஊதினாள். ஊதியதில் ரோகிணியின் பயம் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

செருப்பை எடுத்துவிடலாம் என்று ஒருநாள் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அன்றைக்கென்று கேபிள் டி.வி.காரன் வந்து, வெறும் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வூட்ல வேற யாரும் இல்லியா மேடம்?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் தலை மறைந்ததும் செருப்பு வாசலுக்கு வந்துவிட்டது. பேயாவது செருப்போடு நிறுத்திக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் தினமும் மாலையில் கடைசிப் படிக்கு முன்னாலேயே நின்றுவிடுவாள். செருப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எட்டிப் பார்த்த பிறகுதான் ஏறுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். யாரோ படியேறி வந்து வாசலில் நின்றது கேட்டது. செருப்பு தரையில் நகர்கிற சத்தம். அப்புறம் கதவில் மெதுவாக ஒரு தட்டல்.

"இருக்கானா?"

வயதான பெண் குரல். யாரைக் கேட்கிறீர்கள் என்றுகூட ரோகிணி கேட்கவில்லை. ஒப்பித்து வைத்திருந்தது தானாக வாயில் வந்தது.

"இருக்காங்க. தூங்கறாங்க."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குரல், அழுகையா சிரிப்பா என்று தெரியாமல், "எழுப்பாதேம்மா. தூங்கட்டும். அலுத்துப்போய் வந்திருப்பான்" என்றது. படியிறங்கும் சத்தம் கேட்டது. ரோகிணி கதவைத் திறந்தபோது யாரும் இல்லை. செருப்புகள் படிக்கட்டைப் பார்த்திருந்தன.

மறுநாள் மாலை அவள் வேலையிலிருந்து திரும்பியபோது, வாசலில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். கம்பெனிச் சீருடை, கையில் சாப்பாட்டுப் பை. கண் செருப்பை விட்டு நகரவில்லை.

"பரண்ல இருந்து எடுத்தியாம்மா?" என்றார்.

கோபாலகிருஷ்ணன் என்று பெயர் சொன்னார். இரண்டு வருடம் முன்பு வரை அந்த வீட்டில் குடியிருந்தவர். இப்போது மறைமலைநகரில் இருக்கிறார். ரோகிணி கதவை அகலத் திறந்து வைத்து உள்ளே உட்காரச் சொன்னாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஆதித்யான்னு ஒரே பையன். இங்கதான் காலேஜ். சிநேகிதங்களோட மகாபலிபுரம் போனான். கடல்ல எறங்கியிருக்கானுங்க. மத்தவங்க கரையேறிட்டாங்க. இவன் உடம்புகூடக் கெடைக்கல. மணல்ல கெடந்த இந்தச் செருப்பைத்தான் போலீஸ்ல குடுத்தாங்க." சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்தேன். என் சம்சாரம் பார்வதம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. செருப்பு கெடைச்சுதான்னு. இல்லேன்னுட்டேன். அப்படின்னா போட்டுக்கிட்டு எங்கயோ போயிருக்கான், தண்ணியில எறங்கறவன் செருப்போடவா எறங்குவான், வந்துடுவான்னா. அந்த முகத்தைப் பாத்து நான் என்னத்தைச் சொல்ல? புது வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அவ கண்ணுல படும். தூக்கிப் போடக் கை வரல."

ரோகிணிக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய முகவரிக்குத்தானே பிள்ளை தேடி வருவான் என்று, கணவர் வேலைக்குப் போனபின் அந்த அம்மாள் வந்து வந்து பார்த்திருக்கிறாள். காலேஜுக்குக் கிளம்பும் பிள்ளைக்குத் தினமும் செய்தது போலச் செருப்பைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கதவைத் தட்டத்தான் இத்தனை நாள் பயந்திருக்கிறாள். தட்டிய அன்று, தான் அவளிடம் சொன்னது என்ன!

"நேத்துலேர்ந்து தூங்கல அவ. ஆதி வந்துட்டான்கறா. அக்கம்பக்கமெல்லாம் சொல்லிட்டா" என்றார் கோபாலகிருஷ்ணன். "நான் என்னன்னு சொல்றது?"

அப்போது படியில் காலடி கேட்டது. வாசலில் செருப்பு நகரும் சத்தம். திறந்திருந்த கதவுக்கு வெளியே ஒல்லியாக ஒரு அம்மாள் தூக்குவாளியோடு நின்றாள். நெய் மணம் வந்தது. பார்வதத்தின் பார்வை ரோகிணியின் முகத்திலேயே இருந்தது, உள்ளே போகவில்லை.

"எழுந்துட்டானா?"

"இல்லம்மா" என்றாள் ரோகிணி. அதோடு நிறுத்தியிருந்தால் பிள்ளை இன்னும் தூங்குகிறான் என்று அந்த அம்மாள் இன்னொரு நாள் போயிருப்பாள். அதற்கு அடுத்த நாளும் வந்திருப்பாள். ரோகிணி வாசலுக்கு வந்தாள். இந்த ஊரில் யாரிடமும் சொல்லக் கூடாதென்று கட்டிக் காத்ததை அவளிடம் சொன்னாள்.

"உள்ள யாரும் இல்லம்மா. பொய் சொல்லிட்டேன். நான் தனியாத்தான் இருக்கேன். பயத்துக்கு வாசல்ல போட்ட செருப்பு இது. பரண்ல கெடந்துது."

பார்வதம் அப்போதுதான் உள்ளே பார்த்தாள். கணவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பரண்லயா?" என்றாள் அவரிடம். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே குந்தி, செருப்பில் தான் தைத்த வாரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம். கீழே ரயில் ஒன்று வந்து, நின்று, போயிற்று.

எழுந்தபோது அந்த ஜோடியை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"ஏங்க, உங்க செருப்பை இங்கயே விட்டுட்டு வாங்க" என்றாள். "தனியா இருக்கிற பொண்ணு."

அவர் வாசலில் கழற்றியிருந்த செருப்பை அவளே குனிந்து, முனை கதவைப் பார்க்கும்படி ஒழுங்காக வைத்தாள். இருவரும் இறங்கினார்கள், அவர் வெறுங்காலோடு. படிகளில் ஒருவர் நடக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.