எண்ணெய் ஊறிய தோட்டாக்கள்

“மீசை அண்ணன் துப்பாக்கியில இருந்த ரெண்டு தோட்டாவையும் வெளிய எங்கயாவது குடுத்துச் சுட்டுப் பாக்கணும் சார்” என்றேன்.

எதை வேண்டுமானாலும் கேள், தோட்டாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று காலையில் பஸ்ஸிலேயே சித்தப்பா சொல்லியிருந்தார். இப்போது மேனேஜரின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். மேனேஜர் என் பக்கம் நீட்டிய பேனா நீட்டியபடியே நின்றது.

நாங்கள் வேலை பார்ப்பது காவலாட்களை வாடகைக்கு அனுப்பும் தனியார் நிறுவனம். வங்கிக்கு, கிடங்குக்கு, பணம் ஏற்றிப் போகும் வண்டிக்கு எங்கள் ஆட்கள் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு போவார்கள். துப்பாக்கி அறைக்குப் பொறுப்பு சித்தப்பா. அவருக்குக் கீழே நான். வேதியியல் படித்தவள் என்பதால் எண்ணெய், அழுக்கைக் கரைக்கிற சால்வென்ட், பிரஷ், துணி எல்லாம் என் தலையில். காவலர்கள் என்னை ‘டிகிரி’ என்று கூப்பிடுவார்கள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். வாங்கி வந்ததை வைத்து என்ன செய்வது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மருந்துக்கடை வைக்கப் படித்தேன் என்றுதான் அம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மீசைக்கு மீசை கிடையாது. கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் கேட்டுக்கொண்டாள் என்று மழித்தவர், அப்புறம் வளர்க்கவே இல்லை; பெயர் மட்டும் தங்கிவிட்டது. போன வாரம் விடியற்காலையில் ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு நின்றிருந்தார். பூட்டை உடைக்க ஆட்கள் வந்தார்கள். பயமுறுத்துவதற்காக வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார். டிக் என்றது. அடுத்த குழலையும் இழுத்தார். அதுவும் டிக். வந்தவர்கள் சிரித்தார்களாம். சிரித்து முடித்துவிட்டு இரும்புக் கம்பியால் தோளில் போட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்தக் கை இனி தலைக்கு மேல் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

மேனேஜர் கையெழுத்து கேட்ட தாளில் எல்லாமே தட்டச்சு செய்து தயாராக இருந்தது. துப்பாக்கி துருப்பிடித்துக் கிடந்ததால் வெடிக்கவில்லை, காவலரின் அலட்சியமே காரணம் என்று. கீழே என் பெயர், என் பெயருக்குப் பக்கத்தில் என் பட்டம். நான் இங்கே சேர்ந்த நாளிலிருந்து என் பட்டத்தை யாரும் எதற்கும் கேட்டதில்லை. முதல்முறை கேட்டதே இதற்குத்தான். நான் போட்டால் மீசைக்கு வேலை போகும், ஆஸ்பத்திரிச் செலவும் அவர் பாடு, வேறெந்த நிறுவனமும் அவரை வாசலில்கூட நிறுத்தாது.

அந்தத் துப்பாக்கி திரும்பி வந்தபோது பிரித்துப் பார்த்தவள் நான். துரு கடுகளவும் இல்லை. எண்ணெய்தான் சொட்டியது.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவின் விரல்தான் காரணம். எங்கள் இடத்தில் சோதனை என்றால் வாரத்துக்கு ஒருநாள் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். சித்தப்பா ஒவ்வொரு துப்பாக்கியாக மடித்துத் திறந்து, தோட்டா உட்காரும் இடத்துக்குள் சுட்டுவிரலை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் காட்டுவார். விரல் பளபளத்தால் “ம்” என்பார். காய்ந்து வந்தால் அந்த ஆளைத் தனியாக நிறுத்திவைத்து ஊருக்கே கேட்கிற மாதிரி திட்டுவார். அதனால் வரிசையில் வந்து நிற்பதற்கு முன்னால் எல்லோரும் சுவருக்குப் பின்னால் போய் ஸ்பிரே டப்பாவை வைத்துக் குளிப்பாட்டிக் கொண்டுவருவார்கள். சோதனை முடிந்ததும் அந்த ஈரத்திலேயே தோட்டாவைப் போட்டு மூடிவிடுவார்கள்.

அந்த ஸ்பிரே துப்பாக்கிக்கானதே இல்லை. துருவேறி இறுகிப்போன நட்டைக் கழற்ற மெக்கானிக் அடிப்பது. மயிரிழை இடுக்கு கிடைத்தாலும் உள்ளே நுழைந்துவிடும், அதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நட்டுக்குள் நுழைவது தோட்டாவுக்குள்ளும் நுழையும். தோட்டாவின் அடியில் நடுவில் பொட்டு மாதிரி ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். ஊசி அதில் குத்தினால்தான் பொறி. அந்தக் கிண்ணத்தைச் சுற்றி எண்ணெய் மாதக்கணக்கில் ஊறினால் பொறி செத்துப்போகும். நல்ல தோட்டாவாக இருந்தால் தாங்கும். நாங்கள் வாங்குவது நல்லதில்லை.

சேர்ந்த புதிதில் பழைய இரும்புத் துண்டுகளை வரிசையாக அடுக்கி, அறையில் இருந்த ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். மண்ணெண்ணெய் அழுக்கை நன்றாக எடுத்தது, ஆனால் துடைத்த இடம் சீக்கிரமே துருப்பிடித்தது. என்ஜின் ஆயில் தூசியை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தது. தையல் மெஷின் எண்ணெய் நிற்காமல் வழிந்து போனது. ஸ்பிரே காய்ந்து பழுப்பாகப் பிசுபிசுத்தது, நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. கடைசியில் நான் எடுத்தது மூன்று சாமான்: குழலுக்குள் இருக்கும் கரியை எடுக்க ஒரு சால்வென்ட், அசையும் இடத்துக்கு மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு, மடிப்பு உரசும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ். தோட்டா உட்காரும் இடத்தில் ஒன்றுமே வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

சித்தப்பாவிடம் சொன்னேன். நான் தொட்டிலில் கிடந்தபோதே அவர் விரல் துப்பாக்கிக்குள் போய்வந்த விரல் என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

மீசை மட்டும் என் பேச்சைக் கேட்டு, துடைத்து உலர்த்திக் கொண்டுவந்தார். சித்தப்பாவின் விரல் காய்ந்து வந்தது. அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை வாசல் டீக்கடை வரைக்கும் கேட்டிருப்பார்கள். அடுத்த வாரம் அவரும் டப்பாவைத் தூக்கிவிட்டார். என் மேஜைக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

“நீ சொல்றது சரிதான் டிகிரி. ஆனா விரல் உங்க சித்தப்பாவோடது.”

இத்தனை காலம் இது வெளியே தெரியாமல் இருந்ததற்கும் ஒரு வழக்கம்தான் காரணம். வருஷத்துக்கு ஒருமுறை சுடும் பயிற்சி நடக்கும். அன்றைக்கு அதிகாரிகள் வருவார்கள் என்று பெட்டியைப் பிரித்துப் புதுத் தோட்டா கொடுப்பார்கள். எல்லாம் ஒழுங்காக வெடிக்கும். பயிற்சி முடிந்ததும் பழைய தோட்டாவே மறுபடி துப்பாக்கிக்குள் போய்விடும். நல்லது காட்சிக்கு, ஊறியது காவலுக்கு.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். சுட்டுப் பார்த்து யாருக்கு என்ன வரப்போகிறது, நடந்தது நடந்துவிட்டது, பெரிய இடத்திலிருந்து சாயங்காலத்துக்குள் தாளைக் கேட்கிறார்கள் என்றார். சாப்பிட்டுவிட்டு நிதானமாக யோசித்து வரச்சொன்னார். யோசிப்பது சாப்பாட்டுக்குப் பிறகு செரிப்பதற்காகச் செய்கிற வேலை என்று அவருக்கு நினைப்பு.

துப்பாக்கி அறைக்கு ஜன்னல் கிடையாது. சங்கிலி போட்ட துப்பாக்கிகள் ஒரு சுவரில், என் மேஜை எதிர்ச்சுவரில், நடுவில் குழல்விளக்கின் ரீங்காரம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோறும் சால்வென்ட் வாடைதான் அடிக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் என் கையை விட்டு அது போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுருக்கிவிட்டு வேறு இடம் பார்ப்பார்கள். கல்லூரித் தோழிகள் எங்கெங்கோ போய்விட்டார்கள். அவர்களிடம் என் வேலையைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு பயப்படுவார்கள், பிறகு போனை வைத்துவிடுவார்கள். ராத்திரி சித்தப்பா வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு கூடத்தில் பாயை விரிப்பேன். என் பக்கம் திரும்பி அன்றைய நாள் எப்படிப் போயிற்று என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கேட்டாலும் எதிலிருந்து ஆரம்பிப்பது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். ஊரில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் கேட்டது. பாதி சொல்வதற்குள் சித்தப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள். கையெழுத்து போடச் சொல்கிறார் என்றேன். அப்படியென்றால் போடு என்றாள். அப்பா போன பிறகு நமக்கு இருக்கிற ஒரே ஆம்பளை அவர் என்றாள். அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

சாப்பாட்டு டப்பாவை மூடும்போது சித்தப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்து மேஜைமேல் வைத்து விரித்தார். பிளாஸ்டிக் உறையை நீளவாக்கில் கத்தியால் கிழித்த ஒரு தோட்டா. உள்ளே இருந்த வெடிமருந்து கட்டிகட்டியாக, களிம்பு மாதிரி கறுத்துக் கிடந்தது.

“நேத்தே அறுத்துப் பாத்துட்டேன் பாப்பா. உள்ள வரைக்கும் ஈரம்.”

அவருக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் காலையிலிருந்து அவர்மேல் கோபமாக இருந்தேன். தெரிந்துகொண்டே நின்றிருக்கிறார்.

அவர்தான் பேசினார். அந்த ஸ்பிரேயை மழைக்காலத்துக்காக அவர்தான் வாங்கவைத்தாராம், துரு வராமல் இருந்ததும் உண்மைதானாம். யாருக்கும் தெரியாமல் எல்லாத் தோட்டாவையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடுவாராம். ஸ்பிரே டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு நான் சொன்ன மூன்று சாமானையே வாங்குவாராம். இனிமேல் விரலை விட்டுப் பார்க்கமாட்டாராம். நான் கேட்டதெல்லாம் நடக்கும். அந்த ஒரு தாளில் மட்டும் கையெழுத்து போடவேண்டும்.

“மீசை அண்ணன்?” என்றேன்.

“அவனுக்கு ஏதாவது பண்ணலாம். நான் பாத்துக்கறேன்.”

“என்ன பண்ணுவீங்க சித்தப்பா?”

அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விரல் பளபளத்தது.

“எனக்கு வேற வேலை தெரியாது பாப்பா” என்றார். “இது போச்சுன்னா நானும் நாலு பேர் மாதிரி எங்கயாவது கேட்டத் திறந்து மூடிக்கிட்டு நிக்கணும்.”

நான் கல்லூரியில் சேரப் போன அன்று சீருடையோடு வந்து வரிசையில் நின்றவர் அவர். முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர் எல்லோரிடமும் எங்க அண்ணன் பொண்ணு, கெமிஸ்ட்ரி எடுக்கப்போறா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய்விட்டுத் திரும்பி வரும்வரை வெயிலிலேயே நின்றார். அந்த மனிதர்தான் இப்போது என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

“இன்னைக்கு டூட்டிக்குப் போனவங்க கையில இருக்கிறதும் இதே தோட்டாதானே?” என்று கேட்டேன்.

“நாளையிலிருந்து மாத்திடறேன்னு சொன்னேன் இல்ல.”

“இன்னைக்கு?”

ஸ்டூல் கிறீச்சிட்டது. எழுந்து துணியை மடித்துத் தோட்டாவைப் பையில் வைத்துக்கொண்டார். பாத்து செய் பாப்பா, நம்ம குடும்பம் என்றார். அந்த வார்த்தையில் என்னைக் கட்டிப்போட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார். மீசையின் மனைவிக்கும் ஒரு குடும்பம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் பார்த்தபோது, அவர் தினமும் வீட்டில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைக்கிற பாவனையில் துணியை மடித்துக் காட்டிச் சிரிப்பார், அப்படிப்பட்டவரையா அலட்சியம் என்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

சித்தப்பா போன பிறகு சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்தேன். பெரிய யோசனை ஒன்றும் ஓடவில்லை. இங்கிருந்து போனால் சித்தப்பா வீட்டுக் கூடமும் போகும், அம்மாவின் பேச்சும் போகும், எனக்கு என்று சொல்லிக்கொள்ள மிச்சம் யார் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் தேறவில்லை. இருக்கும்போது மட்டும் யார் இருந்தார்கள். அறையைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினேன்.

மேனேஜர் அறையில் சித்தப்பாவும் இருந்தார். தாள் அதே இடத்தில், பேனா அதன்மேல். நான் உட்காரவில்லை.

“துரு இல்ல சார். எண்ணெய். எல்லார் தோட்டாவும் ஊறிப்போயிருக்கு. வெளிய இருக்கிற எல்லாரையும் முதல்ல கூப்பிட்டு மாத்துங்க. நான் இங்கிருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன் போறேன். மீசை அண்ணன் கேஸ் அங்கதான் இருக்கு. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.”

மேனேஜர் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். என்ன சார் உங்க பொண்ணு இப்படிப் பேசுது என்றார். நான் அவர் பெண் இல்லை, அண்ணன் பெண் என்று சித்தப்பா திருத்தவில்லை. எப்போதும் திருத்துவார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர், என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தோள் தளர்ந்து ஒரு அடி ஒதுங்கினார்.

“வீட்டுக்கு வருவியா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அறுத்த தோட்டாவ நீங்களே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து காட்டுனா வருவேன் சித்தப்பா” என்றேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

வெளி கேட்டில் காவலுக்கு நின்றவர், என்ன டிகிரி, அரை நாள் லீவா, மாப்பிள்ளை பாக்க வர்றாங்களா என்று கேட்டார். தோளில் துப்பாக்கி தொங்கியது. இடுப்பு வாரில் எண்ணெய்க் கறை. அதை மடித்துத் திறந்து இரண்டு தோட்டாவையும் வெளியே எடுத்துவிடுங்கள், புதுப் பெட்டியிலிருந்து கொடுக்கும்வரை அது வெறும் தடி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்.

தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ் எதிரில் வந்து நின்று, எனக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கிளம்பிப் போனது. நான் ஸ்டேஷன் இருக்கும் பக்கமாக நடந்தேன்.