நம்பிராஜனின் வலது முட்டி

1

"மாமா, நீங்க தோத்தா எந்த ஊரு தோக்கும்?"

என் அக்காளின் பேத்தி கேட்ட கேள்வி இது. அவளுக்கு ஆறு வயது. போன சீசனில் குற்றாலத்துக்குப் போயிருந்தோம். சாரல் வலுத்ததும் ஒதுங்கிய தகரக் கொட்டகை ஒரு கூடைப்பந்து மைதானத்தை ஒட்டி இருந்தது. அங்கே உயரமான ஆட்டக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். பேத்தி அவருடைய ஜெர்சியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கோ-வி-ல்-பட்டி. ஒங்க ஊரா மாமா?"

"இல்லம்மா. எனக்குத் தென்காசி."

"அப்ப எதுக்குக் கோவில்பட்டினு போட்டிருக்கு?"

"கூப்பிட்டாக, வந்தேன்."

"போன தடவ?"

"போன தடவ கொல்லம்."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. அவர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு அந்த முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நம்பிராஜன் என்பது நான் வைத்த பெயர். இனி வருவதெல்லாம் அந்தப் பயத்துக்கு நான் தேடிய காரணம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "இந்திய அணிக்கு ஆடியிருக்க வேண்டியவன் நம்பிராஜன். விதி அவனை…"

அடித்துவிட்டேன். அவன் இந்திய அணிக்கு ஆடியிருக்க வேண்டியவன் இல்லை. நல்ல ஆட்டக்காரன். நல்ல ஆட்டக்காரர்கள் நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இரண்டாவது: "ஐந்தருவியின் இரைச்சலை மிஞ்சி எழுந்தது கூட்டத்தின்…"

இதையும் அடித்தேன். குற்றாலத்தில் நடக்கிற கதை என்றால் அருவி விழுந்தே ஆக வேண்டும் என்று சட்டமா?

மூன்றாவது நிற்கிறது. "முப்பத்தைந்து வயதில் நம்பிராஜன் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கப் பழகியிருந்தான்."

பன்னிரண்டு வருடத்தில் ஒன்பது அணிகள். சென்னையில் ஒரு கம்பெனி அணியில் இரண்டு வருட ஒப்பந்தம்; மூன்றாம் வருடம் அந்தக் கம்பெனி விளையாட்டையே கைவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு மில் அணி. அதற்குப் பிறகெல்லாம் கெஸ்ட் பிளேயர்.* போட்டி எங்கே நடக்கிறதோ அங்கே பஸ் ஏறுவான். ஆடுவான். ஊருக்குத் திரும்புவான். அடுத்த போன் வருகிறவரை போனையே பார்த்துக்கொண்டிருப்பான்.

[* கெஸ்ட் பிளேயர்: ஒரு போட்டிக்கு மட்டும் வெளியூரிலிருந்து அழைத்துவரப்படும் ஆட்டக்காரன். சாப்பாடு, தங்குமிடம், வழிச்செலவு, கையில் கொஞ்சம். போட்டி முடிந்ததும் ஜெர்சியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.]

டிசம்பரில், கொல்லத்தில், பந்துக்கு எம்பி இறங்கும்போது வலது முட்டிக்குள் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. வேர்க்கடலைத் தோடு உடைகிற அளவு. அவனுக்கு மட்டும்தான் கேட்டது. லிகமெண்ட் பாதிக்குமேல் கிழிந்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. ஆபரேஷன், ஒன்பது மாதம் ஓய்வு, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர்.

நம்பிராஜன் அந்த ஸ்கேன் கவரைப் பீரோவில் மனைவி ஆனந்தவள்ளியின் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தான்.

(இந்த முட்டியைக் கிழித்தது நான்தான். ஒரு வரியில் கிழித்தேன். இன்னொரு வரியில் தைத்துவிடவும் முடியும். இதை எழுதும்போது கை கூசியது. நமக்கெல்லாம் மேலே இருந்து எழுதுகிறவனுக்கும் இப்படிக் கூசுமா என்று நினைத்துக்கொண்டேன். கூசும் என்றுதான் நம்புகிறேன்.)

3

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்தின் பெயர் பரமசிவன். ஆலங்குளம் பக்கம் ஒரு கல்லூரியின் தாளாளர். ஊரில் கரஸ்பாண்டண்ட் என்பார்கள். கல்லூரிக்குக் கூடைப்பந்துக் கோச் வேண்டும். நிரந்தர வேலை.

"குத்தாலம் சீசன் கோப்பையில நீங்க ஆடுததை நான் வந்து பாக்கேன்" என்றார். "பெஞ்சுல ஒக்காந்து விசில் ஊதுத கோச்சு எனக்கு வேண்டாம். பயலுவளுக்கு ஆடிக் காட்டணும். கால் கை எல்லாம் நல்லாருக்குல்லா?"

"நல்லாருக்கு அண்ணாச்சி."

நம்பிராஜன் பரமசிவனிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவன் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான். நோவு எந்தக் காலில் என்று தெரியாமலிருக்க இரண்டு முட்டிகளிலும் நீ-கேப் என்ற முட்டி உறையை மாட்டினான். கால் இறுதியில் தப்பினான். அரை இறுதியிலும் தப்பினான்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் ஆனந்தவள்ளி இட்லியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இங்கேருங்க, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லாத."

"போவாதீங்க."

"அதத்தான் சொல்லாதங்கேன்."

"அப்ப அந்தக் கவர நீங்களே எடுத்து வேற எங்கயாவது வைங்க. பீரோவத் தொறக்கவே பயமா இருக்கு எனக்கு. யாரோ உள்ள ஒளிஞ்சிருக்க மாதிரி."

அவன் இட்லியைப் பிட்டான். தின்னவில்லை.

"எதுத்து ஆடுத டீம்ல யாராம்?" என்று கேட்டாள்.

"இத்ரீஸ்."

அவள் வாயில் கை வைத்தாள். கொல்லத்தில் நம்பிராஜனைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றியவன் இத்ரீஸ். ஆட்டக்காரர்களில் அந்த முட்டியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள். பரமசிவன் அவனையும் கூப்பிட்டுப் பேசியிருந்தார். இருப்பது ஒரே வேலை.

4

இத்ரீஸைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில் அவனுக்குப் பெயரே இல்லை. "எதிராளி" என்றுதான் எழுதியிருந்தேன். கண்ணைச் சிறிதாக்கி, சிரிப்பில் விஷம் வைத்து… வேண்டாம், அந்த வரிகள் போய்விட்டன. அவனுக்குக் கடையநல்லூர் என்று ஊர் எழுதினேன். முப்பத்தாறு வயது எழுதினேன். அவனும் ஊர் ஊராக ஜெர்சியைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கிறவன். அவன் வீட்டிலும் மனைவி ஹைருன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவும் எழுதிய பிறகு அவனை வெறுக்க என்னால் முடியவில்லை. ஆனால் நம்பிராஜனின் பயம் குறையவில்லை. நல்லவனுக்கும் வேலை வேண்டும் அல்லவா?

மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள்.

"ஏலே நம்பி! இன்னும் ஒன்ன ஆட்டத்துல சேக்குதானுவளா?"

"ஒன்னயே சேக்கும்போது எனக்கென்னல."

"வலது எப்படி இருக்கு?"

"எல்லாம் சரியாப் போச்சு."

"சரியாப் போச்சா." இத்ரீஸ் இரண்டு நீ-கேப்களையும் மாறி மாறிப் பார்த்தான். "எடதுக்கும் சேத்து சரியாயிட்டுன்னு சொல்லு."

நம்பிராஜன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"நாந்தான் ஒன்ன மறிச்சுப் புடிக்கணும்னு எங்க கோச்சு சொல்லிட்டாரு" என்றான் இத்ரீஸ்.

"புடி."

"நான் புடிச்சா தெரியும்ல ஒனக்கு?" வடையைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்கலாம். எழுதியவன் நான். எனக்கும் தெரியவில்லை.

5

நம்பிராஜனுக்கு ஞாபகம் இல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டாம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பாளையங்கோட்டையில் ஒரு கம்பெனி அணிக்கு ஆள் எடுத்தார்கள். இருவர் இருவராக மோதவிட்டுப் பார்த்தார்கள். நம்பிராஜனும் இத்ரீஸும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது அங்கேதான். புழுதிக்காற்று அடித்த மத்தியானம். பத்து நிமிடத்தில் இத்ரீஸுக்கு இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்குள் விசில் சத்தம். அரையடி தள்ளி நின்ற நம்பிராஜனுக்கு அது கேட்டது. இன்ஹேலரை எடுத்தால் அந்த நிமிடமே பெயரை அடித்துவிடுவார்கள்.

நம்பிராஜன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு லேஸ். பிறகு மறுபடி முதல் லேஸ், மறுபடி இரண்டாவது. நான்கு முறை ஆட்டம் நின்றது. நான்கு முறையும் இத்ரீஸ் மூச்சை வாங்கிக்கொண்டான்.

"லேஸு கட்டத் தெரியாதவன்லாம் எதுக்குலே ஆட வாரீங்க?" என்று தேர்வாளர் கத்தினார்.

அந்த இடம் இத்ரீஸுக்குக் கிடைத்தது. நம்பிராஜன் பஸ் ஏறித் தென்காசிக்கு வந்து சேர்ந்தான். யாரோ ஒருவனுக்கு மூச்சு முட்டியது, கொஞ்சம் நேரம் கொடுத்தோம். ஒரு வாரத்தில் அது அவனுக்கு மறந்துபோனது. இம்மாதிரிக் காரியங்களைச் செய்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அது நல்லதுதான்.

6

மாலை நாலரை மணி. சாரல் விழுந்து விழுந்து நின்றது. சாக்கைப் போட்டுத் துடைத்தும் சிமெண்ட் தரை மினுமினுத்தது. நம்பிராஜன் ஒவ்வொரு காலையும் தரையைக் கேட்டுக் கேட்டு வைத்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வலது கைக்காரனைத் தடுக்கிறவன் அவனுடைய வலது பக்கத்தை அடைத்து நிற்பான். எதிராளியை இடது பக்கம் போகவைப்பான். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். நம்பிராஜன் வலது கைக்காரன். இடது பக்கம் பாய வேண்டுமென்றால் வலது காலைத்தான் ஊன்றி உந்த வேண்டும்; வலது பக்கம் பாய இடது கால் போதும். பாடத்தில் உள்ளபடி இத்ரீஸ் நின்றாலே போதும், மூன்றாவது பாய்ச்சலில் முட்டி போய்விடும். பொய்யும் போய்விடும்.

முதல் பந்து வந்தது. இத்ரீஸ் குறுக்கே வந்து நின்றான். இடது பக்கத்தை அடைத்துக்கொண்டு, வலது பக்கத்தைத் திறந்து விட்டு.

நம்பிராஜன் அதை நம்பவில்லை. பொறி என்று நினைத்தான். உள்ளே போனதும் இன்னொருவன் வந்து முட்டியில் இடிப்பான். போகவில்லை. பந்தை வேறொருவனுக்குத் தள்ளிவிட்டான். இரண்டாவது தடவையும் வலது பக்கம் திறந்தே கிடந்தது. அப்போதும் போகவில்லை. பாதி ஆட்டம் வரைக்கும் திறந்த கதவுக்கு முன்னால் நின்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

(இந்த இடத்தில் அவன் காதில் நான் சொல்லியிருக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த அனுமதி இல்லை.)

ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் வேறு வழியில்லாமல் ஒரு முறை போனான். யாரும் இடிக்கவில்லை. பந்து கூடைக்குள் விழுந்தது. மறுபடி போனான். மறுபடி விழுந்தது. முட்டிக்குள் ஒன்றும் நடக்கவில்லை.

கூட்டம் இத்ரீஸைப் பிடித்துக்கொண்டது.

"ஏலே கடையநல்லூரு! அவனுக்குச் சோத்துக்கை எதுன்னு தெரியாதால?"

"பந்தலு போட்டு வரவேக்குதாம்லே!"

முன்வரிசையில் பரமசிவன் பக்கத்து ஆளிடம் கேட்டார். "அந்தத் தம்பிக்கு ஆள் புடிக்கத் தெரியாதோ?"

"வயசாயிட்டுல்லா அண்ணாச்சி."

பரமசிவன் தலையை ஆட்டிக்கொண்டார். இத்ரீஸின் காதுக்கு அது எட்டும் தூரம்தான்.

7

இரண்டு நிமிடம் மிச்சம். இரு பக்கமும் சம எண்ணிக்கை. இத்ரீஸின் கோச் டைம் அவுட் கேட்டார்.

"வலத அடைலே! இனி ஒரு தடவ விட்டா ஒன்ன வெளிய ஒக்கார வச்சிருவேன். கரஸ்பாண்டண்ட் பாத்துக்கிட்டிருக்காரு, ஒனக்கு வேல வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார்" என்றான் இத்ரீஸ். அது உண்மை.

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: இத்ரீஸ் வலதை அடைக்கிறான். நம்பிராஜன் இடது பக்கம் பாய்கிறான். அந்தச் சின்னச் சத்தம். (அரைப்பக்கத்தில் நிறுத்திவிட்டேன். பயந்துவிட்டேன்.)

இரண்டு: நம்பிராஜன் ஜெயிக்கிறான், வேலைக்குப் போகிறான், ஒரு நாள் படியில் பக்கவாட்டாக இறங்கும்போது பரமசிவன்…

மூன்று: பரமசிவன் இருவருக்குமே வேலை கொடுக்கிறார். என் மனசுக்குப் பிடித்தது இதுதான். ஆனால் கல்லூரியில் ஒரே இடம். பேனாவால் இன்னொரு இடத்தை உண்டாக்குவது சுலபம். இத்ரீஸ் விட்டுக்கொடுப்பதை அப்படி இலவசமாக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கோப்பை யாருக்கு, வேலை யாருக்கு என்பதை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் என்னைவிட நல்லபடியாக முடிப்பீர்கள். என் கையில் மிச்சம் இருப்பது ஒரு கணம்தான்.

விசில் ஊதியாயிற்று. பந்து நம்பிராஜனிடம் வருகிறது. எதிரில் இத்ரீஸ், பாடத்தில் உள்ளபடி, இடது காலை முன்னால் ஊன்றி நம்பிராஜனின் வலதை அடைத்து நிற்கிறான். சாரல் திடுமென்று சாய்ந்து அடிக்கிறது. கூட்டம் துண்டைத் தலையில் போட்டுக் குனிகிறது. பரமசிவன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்கிறார். கோச் கடிகாரத்தைப் பார்க்கத் திரும்புகிறார். நம்பிராஜன் பயத்தில் தரையை மட்டும் பார்க்கிறான். நான் பேனாவை மூடி வைக்கிறேன். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.

யாரும் பார்க்கவில்லை. இத்ரீஸின் இடது கால் ஈரச் சிமெண்டில் அரையடி பின்னால் போனது.